சாவி கொடுக்கும் பாக்கெட் வாட்சும் கிடைக்காத மெஷினும்

"கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாச்சா?"

ஒரு காலத்தில் இந்தக் கேள்வி கேட்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. சுவர்க் கடிகாரத்துக்காவது நிஜமாகவே ஒரு சாவி உண்டு. கைக்கடிகாரத்துக்கு ஏது சாவி? பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகை விரலால் திருகுகிறோம், அவ்வளவுதான். ஆனாலும் அதற்கும் 'சாவி கொடுப்பது' என்றே பெயர். பொம்மைக் காருக்கும் சாவி கொடுக்கிறோம். ஒருவன் திடீரென்று துள்ளினால், "யாரோ இவனுக்குச் சாவி கொடுத்து விட்டிருக்காங்க" என்கிறோம்.

சுவர்க் கடிகாரம், சட்டைப்பையில் வைக்கும் கடிகாரம் இரண்டையும் தனிச் சாவி போட்டு முடுக்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

அந்தக் காலத்துப் பாக்கெட் வாட்ச் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஓடாது. வெள்ளிக் கூடு கறுத்திருக்கும், சாவி எங்கோ தொலைந்திருக்கும். அதைத் திரும்ப ஓடவைக்க நினைப்பவர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை, "உள்ளே இருக்கிற மெஷினை மட்டும் மாற்றிவிட்டால் என்ன?" என்பதுதான். கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் பொருந்தும் மெஷின் கிடைப்பதில்லை. இதற்குக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்றரை நூற்றாண்டுத் தொழில் வரலாறு அந்தச் சின்னக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

சாவி வாட்ச் என்றால் என்ன?

எந்த இயந்திரக் கடிகாரத்துக்கும் உயிர் அதன் சுருள்வில். மெயின் ஸ்பிரிங் என்பார்கள். அதைச் சுற்றி இறுக்கினால் அது மெல்ல மெல்ல அவிழும். அந்த விசை பற்சக்கரங்கள் வழியாக பாலன்ஸ் வீல் வரை போகும். பாலன்ஸ் வீல் முன்னும் பின்னும் ஆடி அந்த விசையைச் சம அளவாக வெளியே விடும். டிக் டிக் சத்தம் அங்கிருந்து வருவதுதான்.

இன்றைய கைக்கடிகாரத்தில் ஸ்பிரிங்கை இறுக்கப் பக்கத்தில் திருகு இருக்கிறது. பழைய பாக்கெட் வாட்சில் அது கிடையாது. பின்மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி. அதில் ஒரு துளை. துளைக்குள் சதுரமான ஒரு தண்டு. அதில் சின்னச் சாவியைப் பொருத்தித் தினமும் ஒருமுறை திருப்ப வேண்டும். முள்ளை நகர்த்தவும் சாவிதான் வேண்டும். சுவிஸ் வாட்சுகளில் அதற்கும் பின்பக்கமே இரண்டாவது துளை இருக்கும். பல இங்கிலீஷ் வாட்சுகளில் முன்பக்கக் கண்ணாடியைத் திறந்து, முட்களின் நடுவே உள்ள சதுரத்தில் சாவியைப் போட வேண்டும்.

சாவி தொலைந்தால் வேறு சாவி வாங்கலாம், அளவு வாரியாக எண் போட்டு விற்றார்கள். பொருந்தாத சாவியைப் போட்டுத் திருகினால் சதுரத் தண்டின் மூலை மழுங்கிவிடும். பழைய வாட்சுகள் பலவற்றில் இந்தக் காயத்தைப் பார்க்கலாம்.

நம் கரைக்கு எப்படி வந்தது?

கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வானியல் ஆய்வுக்கூடம் கட்டியது. சென்னையின் நேரம் அங்கே கணிக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது. ரயில் வந்த பிறகுதான் நிமிடத்துக்கு மதிப்பு வந்தது எனலாம். மாட்டு வண்டிக்கு "பொழுது சாயுறதுக்குள்ள" என்பது போதும். ரயிலுக்குப் போதாது! 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'மதராஸ் நேரம்' இந்திய ரயில்வேக்கள் பலவற்றுக்குப் பொது நேரமாக இருந்தது.

சென்னையில் பாக்கெட் வாட்ச் என்றால் மவுண்ட் ரோட்டில் உள்ள பி. ஆர் அண்ட் சன்ஸ் கடை. பம்பாயில் பாவ்ர் லூபா 1860களிலும், வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி 1886இலும் வியாபாரத்தில் இறங்கின. இவற்றில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டயலில் சென்னைக் கடையின் பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் மெஷினோ இங்கிலாந்திலோ சுவிட்சர்லாந்திலோ செய்தது. விற்பவர் தன் பெயரை டயலில் எழுதிக்கொள்வது அன்றைய வழக்கம். அதனால் டயலில் உள்ள பெயரை வைத்து மெஷின் தேடினால் வழி தவறிவிடும். இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ராமநாதபுரம் கடற்கரைக்கு வருவோம். உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடா ஓரம் இருக்கிறது புதுமடம். புதுமடம், பெரியபட்டினம், கீழக்கரை என்று இந்தக் கரை முழுவதும் கடல் தாண்டிப் போய்ப் பிழைத்த ஊர்கள். வளைகுடா நாடுகளுக்கு முன்னால் இலங்கை, பர்மா, மலேயா. 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன் பிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். அதுதான் பெயர் பெற்ற 'போட் மெயில்'. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை இந்த வழி இருந்தது.

ரயிலையும் கப்பலையும் ஒரே பயணத்தில் பிடிக்க வேண்டியவனுக்குக் கடிகாரம் ஆடம்பரம் இல்லை. கொழும்பிலும் ரங்கூனிலும் கடை வைத்திருந்தவர்களுக்கு அது கௌரவமும்கூட. சட்டைப்பையில் சங்கிலி தொங்கினால் ஊரில் தனி மரியாதை.

1906 ஜனவரி 1ஆம் தேதி இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தபோது மதராஸ் நேரத்தில் ஓடிய கடிகாரங்களைச் சுமார் 9 நிமிடம் முன்னே தள்ள வேண்டியிருந்தது. சாவி வாட்ச் வைத்திருந்தவர் அதற்கும் சாவியைத்தான் தேட வேண்டும்.

இந்தக் கரையில் வாட்சுக்கு ஒரு தனி எதிரி உண்டு: உப்புக் காற்று. பித்தளைத் தட்டு தாங்கும், வெள்ளி கறுக்கும், துடைத்தால் போய்விடும். ஆனால் திருகாணி, ஸ்பிரிங், சக்கர அச்சு எல்லாம் எஃகு. ஒரு தடவை துரு ஏறினால் அச்சு முனை தேய்ந்து, மெஷின் நின்றுவிடும். பூட்டிய பெட்டிக்குள் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் ஓடவில்லை என்பதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

ஒவ்வொன்றும் தனிப் பிறவி

இப்போது மெஷினுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இங்கிலாந்தில் ஒரு வாட்ச் எப்படி உருவானது? ஒரு தொழிற்சாலையில் அல்ல. லங்காஷயரில் பிரெஸ்காட் என்ற ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் வீட்டுப் பட்டறைகளில் மெஷினின் முரட்டு வடிவத்தைச் செய்வார்கள். தட்டு ஒருவர், சக்கரம் ஒருவர், அச்சு ஒருவர். அது லண்டன் கிளார்க்கன்வெல், கவென்ட்ரி, லிவர்பூல் போன்ற இடங்களுக்குப் போகும். அங்கே இன்னும் பல கைகள் மாறும். ஒருவர் கல் பதிப்பார், ஒருவர் முலாம் பூசுவார், ஒருவர் எனாமல் டயல் செய்வார், கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவைப்பார்.

இந்த வாட்சுகள் பலவற்றின் உள்ளே கூம்பு வடிவத்தில் ஒரு உருளை இருக்கும். ஃபியூசி என்று பெயர். ஸ்பிரிங் முழுதாக இறுகியிருக்கும்போது விசை அதிகம், அவிழ அவிழ குறையும். அதைச் சமன் செய்யக் கூம்பைச் சுற்றி ஒரு நுண்ணிய சங்கிலி. சைக்கிள் சங்கிலியை எறும்பு அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி! நூற்றுக்கணக்கான துண்டுகள் கொண்ட அந்தச் சங்கிலியை இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் என்ற ஊரில் 1790களிலிருந்து பெண்களும் சிறுமிகளும் கையால் செய்தார்கள். அரையிருட்டில் அந்த வேலை செய்து கண் கெட்டவர்கள் பலர். அந்த மெஷினில் நாம் ரசிக்கும் அழகுக்கு அவர்களும் ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள்.

இதில் விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு பாகமும் பக்கத்துப் பாகத்துக்காக அரத்தால் தேய்த்துப் பொருத்தப்பட்டது. ஒரே பட்டறையில் ஒரே மாதத்தில் செய்த இரண்டு வாட்சுகளின் சக்கரங்களை மாற்றிப் போட்டால் ஓடாது. கூடும் அப்படியே. மெஷின் முடிந்த பிறகு அதன் அளவுக்குக் கூடு செய்வார்கள். சட்டை தைப்பது போல! இங்கிலீஷ் வாட்சுகளில் மெஷின் 12 மணி இடத்தில் ஒரு கீலால் கூட்டோடு இணைந்திருக்கும். 6 மணி இடத்தில் தாழ்ப்பாள். நகத்தால் தாழ்ப்பாளைத் தள்ளினால் மெஷின் கதவு போலத் திறந்து வெளியே வரும். வேறு மெஷின் வைக்க வேண்டும் என்றால் குறுக்களவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. கீல் இருக்கும் இடம், தாழ்ப்பாளின் உயரம், கண்ணாடிக்கும் முள்ளுக்கும் உள்ள இடைவெளி, உள்மூடித் துளைக்கு நேராகச் சதுரத் தண்டு வருகிறதா என்பது... எல்லாம் சேர வேண்டும். சேராது.

மாற்று மெஷின் கிடைக்காததற்கு முதல் காரணம் இதுதான். மாற்று என்ற யோசனையே இல்லாத காலத்துப் பொருள் அது. செய்தவருக்கு அந்த எண்ணம் இல்லை, அதனால் அப்படி ஒன்று செய்யப்படவே இல்லை.

டென்னிசனின் கணக்கு

இந்த உலகத்தை மாற்றியவர்களில் ஒருவர் ஆரன் டென்னிசன் என்ற அமெரிக்கர். துப்பாக்கித் தொழிற்சாலைகளில் ஒரே மாதிரி பாகங்களை இயந்திரத்தில் செய்து, எதை எடுத்தாலும் எதிலும் பொருந்துமாறு அடுக்கி வைத்திருந்தார்கள். வாட்சையும் ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று கேட்டார் அவர். 1850இல் கூட்டாளிகளோடு பாஸ்டன் அருகே தொழிலைத் தொடங்கினார். 1854இல் வால்தம் என்ற ஊருக்கு மாறினார்கள். 1857இல் கம்பெனி திவால்! வேறொருவர் ஏலத்தில் வாங்கி நடத்தினார். நான்கு வருடத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது. போருக்குப் போன சிப்பாய்கள் குறைந்த விலை வாட்சுகளை வாங்கிக் குவித்தார்கள். ஆபிரகாம் லிங்கனிடம் இருந்ததும் 1857 மாடல் வால்தம் சாவி வாட்ச்தான். 1864இல் எல்ஜின் கம்பெனி தொடங்கியது. அதன் ஆயுளில் சுமார் 6 கோடி வாட்சுகள் செய்தது என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்திலேயே எல்லாப் பாகமும் கண்ணை மூடிக்கொண்டு பொருந்தியது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் தேய்த்துச் சரி செய்ய வேண்டித்தான் இருந்தது. வருடங்கள் போகப் போகத்தான் துல்லியம் வந்தது. ஆனால் இன்னொரு மாற்றம் சீக்கிரமே வந்தது. மெஷினுக்கு ஒரு அளவு எண்!

வேடிக்கை என்னவென்றால் அந்த அளவு முறை இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்தே எடுத்தது. 1 அங்குலம் மற்றும் 5/30 அங்குலம் என்பது 'சைஸ் 0'. ஒவ்வொரு சைஸுக்கும் 1/30 அங்குலம் கூட்ட வேண்டும். அப்படியானால் சைஸ் 18 என்பது 1 அங்குலம் மற்றும் 23/30 அங்குலம், ஏறக்குறைய 44.9 மில்லிமீட்டர். அமெரிக்கச் சாவி வாட்சுகளில் பெரும்பாலானவை இந்தச் சைஸ் 18தான்.

அளவு நிலையானதும் வியாபாரமும் மாறியது. அமெரிக்காவில் மெஷினை ஒரு கம்பெனி செய்தது, கூட்டை வேறொரு கம்பெனி செய்தது. வாடிக்கையாளர் கடைக்குப் போய், இந்த மெஷின், அந்த வெள்ளிக் கூடு என்று தனித்தனியே பொறுக்குவார். கடைக்காரர் அங்கேயே பொருத்திக் கொடுப்பார். 150 வருடம் கழித்தும் அதே காரணத்தால்தான் வால்தம், எல்ஜின் வாட்சுகளுக்கு மட்டும் மாற்று மெஷின் தேடினால் கிடைக்கிறது. மெஷினில் வெட்டிய எண்ணை வைத்து எந்த வருடம் செய்தது என்றுகூடக் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பட்டியல்கள் அச்சில் இருக்கின்றன.

டென்னிசனின் பிற்கால வாழ்க்கை இன்னும் சுவையானது. மெஷின் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்ட அவர் இங்கிலாந்துக்குப் போய், பர்மிங்காமில் வாட்ச் கூடு செய்யும் தொழில் தொடங்கி வெற்றி பெற்றார். உயிரைச் செய்யப் போய் நஷ்டம், உடம்பைச் செய்து லாபம்!

சாவி எப்படிப் போனது?

1840களில் ஏட்ரியன் பிலிப் என்ற பிரெஞ்சுக்காரர் திருகாலேயே முடுக்கவும் முள்ளை நகர்த்தவும் ஒரு முறையை உருவாக்கினார். பின்னாளில் பாடெக் பிலிப் கம்பெனியின் பெயரில் பாதி அவருடையது. 1851 லண்டன் கண்காட்சியில் விக்டோரியா மகாராணி அந்தக் கம்பெனியின் சாவியில்லா வாட்சை வாங்கினார். ஆனால் சாதாரண விலைக்கு அந்த வசதி இறங்கி வர இன்னும் ஒரு தலைமுறை ஆனது.

1876இல் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சியில் அமெரிக்க வாட்சுகளைப் பார்த்த சுவிஸ்காரர்கள் ஆடிப்போனார்கள். லாஞ்சின் தொழிற்சாலையைச் சேர்ந்த ஜாக் டேவிட் அமெரிக்கத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்து, நாமும் மாறாவிட்டால் அழிவோம் என்று நீண்ட அறிக்கை எழுதினார். சுவிட்சர்லாந்து மாறியது, பிழைத்தது. இங்கிலாந்து மாறத் தயங்கியது. பிரெஸ்காட்டில் லங்காஷயர் வாட்ச் கம்பெனி என்று பெரிய தொழிற்சாலை 1889இல் வந்தது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. 1911இல் மூடினார்கள். நேரம் காட்டும் தொழிலே நேரத்தைத் தவறவிட்டது!

1891இல் அமெரிக்காவின் ஓஹையோவில் கிப்டன் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. ஓட்டுநரின் வாட்ச் நான்கு நிமிடம் நின்று ஓடியதுதான் காரணம் என்றார்கள். அதற்குப் பிறகு ரயில்வே வாட்சுகளுக்குக் கடுமையான விதிகள் வந்தன. சாவி வாட்சுக்கு அந்த விதிகளில் இடமில்லை. அத்தோடு அதன் காலம் முடிந்தது.

உருகிய கூடுகள்

இதுவரை சொன்னது ஏன் பொருந்தாது என்ற கதை. இனி சொல்வது ஏன் இத்தனை அநாதை மெஷின்கள் இருக்கின்றன என்ற கதை. பழைய கடிகாரப் பொருட்கள் விற்கும் வெளிநாட்டு ஏலங்களில் கூடு இல்லாத சாவி மெஷின்களை டப்பா டப்பாவாக விற்கிறார்கள். டயல் இருக்கும், முள் இருக்கும், சில ஓடவும் செய்யும். கூடு மட்டும் இருக்காது. எங்கே போனது?

இதற்குக் கணக்குப் பாடம் உதவும். எந்தச் சொத்துக்கும் தேய்மானம் உண்டு. வருடா வருடம் மதிப்பு குறைந்து கடைசியில் நிற்பது 'ஸ்கிராப் மதிப்பு'. இயந்திரமாக ஓடும்போது கிடைக்கும் பலனைவிட ஸ்கிராப் மதிப்பு அதிகமானால், அதை உடைத்து விற்பதே லாபம் என்று கணக்கு சொல்லும்.

5 பவுன் எடையில், அதாவது 40 கிராமில், 18 காரட் தங்கக் கூடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் சுத்தத் தங்கம் 30 கிராம். வாட்ச் ஓடவில்லை, ரிப்பேர் செய்ய ஆள் இல்லை. தங்கம் விலை ஏறுகிறது. அந்த வீட்டில் ஒரு கல்யாணமோ கடனோ வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆசாரி கூட்டை உருக்குவார். மெஷின் பித்தளையும் எஃகும்தானே? ஓரமாக வைத்துவிடுவார்.

1931இல் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டபோது தங்கம் விலை ஏறி, மக்கள் பழைய தங்கத்தை விற்க வரிசையில் நின்றார்கள். வாட்ச் கூடுகளும் அதில் போயின. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது, வெள்ளி 50 டாலரை நெருங்கியது. அப்போதும் அதே கதை. 2025இல் தங்கம் அவுன்ஸ் 3000 டாலரைத் தாண்டி, அதே வருடம் 4000 டாலரையும் தாண்டியது. மிச்சம் இருக்கும் கூடுகளுக்கு ஆபத்தான காலம் இது.

ஆக ஒரு பக்கம் கூடு இல்லாத மெஷின்கள். மறுபக்கம் புதுமடம் போன்ற ஊர்களில் மெஷின் செத்துப்போன கூடுகள். இரண்டும் சந்தித்தால் பிரச்சினை தீர வேண்டும். ஆனால் சட்டை ஒருவருக்குத் தைத்தது, உடம்பு இன்னொருவருடையது!

என்னதான் வழி?

வீட்டில் ஒரு சாவி வாட்ச் இருந்து, அதை ஓடவைக்க நினைப்பவர்களுக்குச் சில வழிகள் இருக்கின்றன.

1. முதலில் அடையாளம். டயல் பெயரை நம்ப வேண்டாம். பின்மூடியைத் திறந்து மெஷினில் வெட்டிய பெயர், எண் இரண்டையும் பார்க்க வேண்டும். இங்கிலீஷ் வெள்ளிக் கூட்டில் முத்திரைகள் இருக்கும். நங்கூரம் என்றால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். பக்கத்தில் உள்ள ஓர் எழுத்து வருடத்தைச் சொல்லும். கூட்டிலும் மெஷினிலும் ஒரே எண் இருந்தால் அவை பிறந்ததிலிருந்தே ஜோடி. அந்த ஜோடியைப் பிரிக்காமல் இருப்பது நல்லது.

2. மெஷின் உண்மையிலேயே செத்ததா? பல வாட்சுகளில் மெயின் ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது பழைய எண்ணெய் பிசினாகி இறுகியிருக்கும். ஸ்பிரிங்கை அகலம், தடிமன், நீளம் பார்த்து வேறு வாங்கிப் போடலாம். பாலன்ஸ் அச்சு உடைந்திருந்தால் கடைசல் இயந்திரத்தில் புதிதாகக் கடைந்து போடத் தெரிந்தவர்கள் உண்டு. மெஷினை மாற்றுவதைவிட இது பெரும்பாலும் மலிவு.

3. அமெரிக்க வாட்ச் என்றால் அதிர்ஷ்டம். அதே கம்பெனி, அதே மாடல், அதே சைஸ் உள்ள அநாதை மெஷின் ஒன்றை வாங்கலாம். முழு மெஷினையும் மாற்றாமல், கெட்ட பாகத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துப் போடலாம்.

4. இங்கிலீஷ் வாட்ச் என்றால் முழு மெஷின் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாங்கும் பழைய மெஷின் திருகாணி, கல், சங்கிலி போன்ற உதிரிகளுக்கு உதவும். அவற்றையும் தேய்த்துத்தான் பொருத்த வேண்டும்.

5. புது மெஷின் வைக்கலாமா? யூனிடாஸ் 6497 என்ற சுவிஸ் மெஷின் 1950களிலிருந்து வருகிறது, பாக்கெட் வாட்சுக்கென்றே வடிவமைத்தது. சீனாவிலும் அதே மாதிரி செய்கிறார்கள். குறுக்களவு 36.6 மில்லிமீட்டர். சைஸ் 18 கூட்டுக்குள் வைத்தால் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் காலியாக இருக்கும், வளையம் செய்து நிரப்ப வேண்டும். அது திருகு மெஷின் என்பதால் கூட்டின் கழுத்தில் துளை போட வேண்டும். பழைய டயலின் கால்கள் பொருந்தாது. பின்மூடியில் உள்ள சாவித் துளை சும்மா கிடக்கும். ஒருமுறை துளை போட்டால் அந்தக் கூட்டை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

6. குவார்ட்ஸ் மெஷின் வைத்தால் மலிவு, நேரமும் துல்லியம். ஆனால் வினாடி முள் 'டக் டக்' என்று குதிக்கும். பாட்டனார் காதில் வைத்துக் கேட்ட சத்தம் வராது.

ஜனதாவின் பாடம்

நம் நாட்டு விஷயத்துக்கு வந்தால், இந்தக் கதையின் அடுத்த பாகம் எச்எம்டி. 1953இல் பெங்களூரில் தொடங்கிய இந்த அரசு நிறுவனம் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு வாட்ச் செய்ய ஆரம்பித்தது. ஜனதா, பைலட் என்று அதன் கைக்கடிகாரங்கள் கல்யாணப் பரிசாக, வேலை கிடைத்த பரிசாக ஒரு தலைமுறையின் மணிக்கட்டில் இருந்தன. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தை உருவாக்கின. ஓசூர் தொழிற்சாலையிலிருந்து வந்த குவார்ட்ஸ் வாட்சுகள் சந்தையைப் பிடித்தன. எச்எம்டி வாட்ச் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்தது.

ஆனால் இன்றும் நின்றுபோன ஒரு ஜனதாவை ஓடவைக்க முடிகிறது. எப்படி? இன்னொரு ஜனதாவிலிருந்து பாகம் எடுத்துப் போடுகிறார்கள். தொழிற்சாலை இல்லாவிட்டாலும் பாகங்கள் ஒரே அளவு. டென்னிசன் 1850இல் போட்ட கணக்கு இங்கே பலிக்கிறது. சாவி வாட்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது பிழைக்க வேண்டும் என்றால் பாகம் போதாது, ஆள் வேண்டும். கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு, அரத்தால் தேய்த்து, ஒரு பாகத்தைப் புதிதாகச் செய்யத் தெரிந்த கை வேண்டும். குவார்ட்ஸ் வந்த பிறகு பேட்டரி மாற்றும் வேலைதான் கடைகளுக்கு மிஞ்சியது. பழைய வேலை தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் கற்றுக்கொள்ள வருபவர்கள் குறைவு.

ஆகவே மாற்று மெஷின் கிடைக்கவில்லையே என்ற கவலையைவிடப் பெரிய கவலை, மாற்று மெஷின் தேவைப்படாமல் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பது. மெஷின் 150 வருடம் தாங்கும். அந்தக் கைத்திறனை யாராவது கற்றுக்கொண்டால்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும்.

வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு வாட்ச் கிடந்தால் அவசரப்பட்டு எடைக்குப் போட வேண்டாம். கழுத்தில் துளை போடவும் வேண்டாம். ஈரம் படாமல், துணியில் சுற்றி, உப்புக் காற்று புகாத டப்பாவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் எண்ணையும் பெயரையும் ஒரு தாளில் எழுதி, யாருடையது, எந்த ஊரில் வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அதே தாளில் குறித்து வைக்கலாம். பிறகு, வேலை தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்து ஊரில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர் இருக்கும்போதே!